வராத நாலாவது ரீல்

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து, சோறு தின்று, ஒரு கண் அயர்ந்து எழுந்தவர்களுக்கு மூன்று மணிக்கு மேல் செய்ய ஒன்றும் இருக்காது. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் ரஃபி அகமது தன் தகரக் கொட்டகையில் வெள்ளிக்கிழமை மத்தியான ஆட்டமாக இங்கிலீஷ் படம் போட ஆரம்பித்தார். யுத்தகாலத்தில் பெங்களூரில் சிப்பாய்களுக்காக ஓடித் தேய்ந்துபோன படங்கள் அவருக்குச் சல்லிசாகக் கிடைத்தன. கதவு ஜன்னலையெல்லாம் தார்ப்பாயால் மூடி இருட்டாக்குவார். படத்தின் சத்தத்தைக் கம்மி பண்ணுவார். திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆளை முக்காலி மேல் நிறுத்தி, கதையைத் தமிழில் சொல்ல வைப்பார்.

அந்த ஆள் ஜெயகரன். தோல் ஷாப்பில் கணக்கப்பிள்ளை மாதிரி ஒரு வேலை. கட்டுக் கட்டாக வரும் தோல்களுக்கு நம்பர் போட்டு முத்திரை குத்துவான். முன்னொரு காலத்தில் ராணிப்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அவன் வாத்யார்தான். வயது முப்பத்தாறு. ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தான். ஆறு நாளை ஷாப்பு எடுத்துக்கொண்டது. ஏழாவது நாள் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்க முடியாமல்தான் முக்காலி மேல் ஏறச் சம்மதித்தான்.

அவன் பெண்சாதி போய்விட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் போனாள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பிள்ளை இல்லை என்றார்கள் சிலர். பெரிய வீட்டுப் பெண்ணுக்குச் சுண்ணாம்புக் குழி நாற்றம் ஒத்துவரவில்லை என்றார்கள் சிலர். ஜெயகரன் இந்த இரண்டாவதைத்தான் நம்பினான். மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான்.

அவள் பெயர் டோரதி. வேலூரில் மிஷன் ஆபீசில் தலைமை ரைட்டராக இருந்த ஞானசிகாமணியின் மூத்த மகள். ஓட்டு வீடு, வாசலில் குதிரை வண்டி, கூடத்தில் ஆர்மோனியம் என்று வளர்ந்தவள். ஜெயகரனுக்கு அப்பா அம்மா நினைவே கிடையாது. மிஷன் விடுதியில் வளர்ந்தவன். சோறு போட்டவர்களுக்கு நன்றி, துணி கொடுத்தவர்களுக்கு நன்றி, படிக்க வைத்தவர்களுக்கு நன்றி என்று குனிந்தே பழகிய முதுகு. சனிக்கிழமைகளில் ராணிப்பேட்டையிலிருந்து வந்து ஞானசிகாமணியின் மகனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவான். கூடத்தில் காபி வந்தால் எழுந்து நின்று வாங்குவான்.

டோரதிக்கு மெட்ராஸில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. நல்ல பையன். அவனைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. முப்பத்தெட்டாம் வருஷம், வேதக் கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறு பாக்கி. அதற்கு முந்தின நாள் கல்யாணச் சேலைப் பெட்டி ரயிலில் காட்பாடிக்கு வருகிறது என்று தெரிந்து, தானே போய்த் திறந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்று டோரதி வண்டி கட்டச் சொன்னாள். அன்றைக்குப் பாடம் சொல்ல வந்த ஜெயகரனைத் துணைக்குப் போய்வரும்படி ஞானசிகாமணி அனுப்பிவைத்தார்.

ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது போகாமல் டோரதிதான் பேச ஆரம்பித்தாள். தம்பிக்கு இங்கிலீஷ் வரவில்லையென்றால் அது வாத்தியாருடைய தப்பு என்றாள். ஜெயகரனுக்கு வெயிலா, பசியா, என்னவென்று தெரியவில்லை, அன்றைக்கு நன்றி மறந்துவிட்டது. தப்பு பையனுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை, வீட்டில் அவன் எழுதுவதையெல்லாம் அக்கா திருத்திக் கொடுத்துவிடுகிறாள், அதுவும் தப்புத் தப்பாகத் திருத்துகிறாள் என்று சொல்லிவிட்டான். எது தப்பு என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னான். அதில் ஒன்று அவன் தப்பு என்று அவள் நிரூபித்தாள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்க் கேட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் இருவரும் தப்பு என்று சொல்லவும், இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவரோடு சண்டைக்குப் போனார்கள்.

பெட்டி வந்து, வண்டியில் ஏறி, பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அச்சு முறிந்தது. நடந்தார்கள். சேலைப் பெட்டி ஜெயகரன் தலையில். பாலத்தின் நடுவில் டோரதியின் செருப்பு வார் அறுந்தது. அதைக் கழற்றிக் கீழே மணலில் வீசினாள். ஒற்றைச் செருப்பு எதற்கு என்று மற்றதையும் வீசினாள். ஜெயகரன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பாலத்தின் கோடி வரைக்கும் போய், சரிவில் இறங்கி, கொதிக்கிற மணலில் ஓடி இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தான். தைத்தால் ஒரு வருஷம் உழைக்கிற தோலை வீசுவது அகம்பாவம் என்றான். தன் செருப்பை வீச யாரிடம் கேட்க வேண்டும் என்றாள் அவள். வேலூர் வந்து சேருகிற வரை அந்தச் சண்டை ஓயவில்லை. வெறுங்காலோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது டோரதி சிரித்துக்கொண்டே வந்தாள் என்று வேலைக்காரி பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள்.

மறுநாள் ஆராதனையில் போதகர் மூன்றாவது முறையாக ஓலை வாசித்தார். இந்த விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, வழக்கம்போல அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். பெண்கள் பக்கத்திலிருந்து மணப்பெண்ணே எழுந்து நின்றாள். எனக்கு ஆட்சேபணை உண்டு ஐயா என்றாள்.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வேலூர்க்காரர்கள் பல வருஷம் சிரித்தார்கள். ஞானசிகாமணி சிரிக்கவில்லை. கட்டினால் வாத்தியாரைத்தான் கட்டுவேன் என்று டோரதி நின்றாள். சித்தூரில் தெரிந்த போதகர் ஒருவர் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தார். ஒரே மாதத்தில் ஜெயகரனுக்கு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் வேலை போயிற்று. ஆம்பூரில் தோல் ஷாப்பில் இடம் கிடைத்தது. பெட்டி படுக்கையோடு கிளம்புகிற அன்று மாமனார் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வரப் போனார்கள். அவர் மகளைப் பார்க்கவே இல்லை. மருமகனைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"இனிமே அவ மூஞ்சி ஒரு நாள் சுருங்குனாலும் அதுக்கு நீதான் காரணம். ஞாபகம் வெச்சுக்க."

ஜெயகரன் ஞாபகம் வைத்துக்கொண்டான். வேறு எதையும் அவ்வளவு பத்திரமாக அவன் வைத்துக்கொண்டதில்லை.

ஆம்பூருக்கு வந்த நாளிலிருந்து அவன் பழைய விடுதிப் பையனாகிவிட்டான். எனக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள் என்கிற நினைப்பு அவன் நாக்கைக் கட்டிப்போட்டது. ஷாப்பிலிருந்து வந்ததும் கிணற்றடியில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிப்பான். அப்படியும் தள்ளித்தான் உட்காருவான். அவள் எது சொன்னாலும் சரி. கூரையை மாற்ற வேண்டும் என்றால் சரி, வேண்டாம் என்றாலும் சரி. சோறு குழைந்தாலும் பருப்பு தீய்ந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டான்.

முதல் ஒரு வருஷம் டோரதி அதைப் புது மாப்பிள்ளையின் கூச்சம் என்று நினைத்தாள். பிறகு சீண்டிப் பார்த்தாள். அவன் ஆசையாக வைத்திருந்த இங்கிலீஷ் அகராதியைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டாள். அவன் வந்து அலமாரியைப் பார்த்தான், பரவாயில்லை என்றான். ஒரு நாள் குழம்பில் கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டு, எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தான். அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வறுமை தாங்காமல் அழுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து இன்னும் பணிவாக நடந்தான்.

நாற்பத்துநாலாம் வருஷம் தங்கைக்குப் பிரசவம் பார்க்க வேலூர் போனவள் திரும்பவில்லை. கடிதம் வந்தது. டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்திருக்கிறேன், முடிந்ததும் எங்காவது வேலைக்குப் போவேன், என்னைத் தேட வேண்டாம் என்று எழுதியிருந்தாள். சரி, உன் இஷ்டம் என்று பதில் எழுதிப் போட்டான் ஜெயகரன். அதையும் அவளுக்குச் செய்கிற உபகாரமாகத்தான் நினைத்தான்.

நாற்பத்தேழாம் வருஷம் மழைக்காலத்தில் ரஃபி அகமதுவுக்கு ஒரு படம் வந்தது. சிரிப்புப் படம். கப்பல் கம்பெனி முதலாளி ஒருவருக்குச் செல்ல மகள். அவள் நிச்சயதார்த்த விருந்தன்று பியானோ ரிப்பேர் செய்ய ஒருத்தன் வருகிறான். மோதிரம் பியானோவுக்குள் விழுந்துவிடுகிறது. விருந்தாளிகள் பாட்டுக் கேட்கக் காத்துக்கொண்டிருக்க, அவன் பியானோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரே ரகளை. மூன்றாவது ரீல் முடியும்போது அவள் அவன் கன்னத்தில் ஒன்று விட்டு, ஆட்களை வைத்துத் தூக்கி வெளியே போடச் சொல்கிறாள்.

நாலாவது ரீல் டப்பாவைத் திறந்தால் உள்ளே வேறு ஏதோ ரீல் இருந்தது. பட்டாளத்தில் கோவேறு கழுதைக்கு லாடம் அடிப்பது எப்படி என்று சிப்பாய்களுக்குக் காட்டுகிற ரீல். பெங்களூருக்கு எழுதிப் போட்டும் சரியான ரீல் வரவில்லை. ஐந்தாவது ரீலில் கல்யாண உடுப்போடு அந்தப் பெண் மாடி ஜன்னல் வழியாக இறங்கி, பியானோக்காரனைத் தேடி மழையில் ஓடுகிறாள். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. "மாஸ்டர், எதாவது சொல்லி ஒட்ட வெச்சிடுங்க" என்றார் ரஃபி அகமது.

முதல் வெள்ளிக்கிழமை ஜெயகரன் சுலபமான வழியில் போனான். இந்தச் சமயத்தில் அவளுக்கு அவன்மேல் காதல் வந்துவிட்டது என்றான். கொட்டகை கொல்லென்று சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வள்ளியம்மாள். தோல் பதனிட ஆவாரம்பட்டை கொட்டுகிற கொட்டாயில் வேலை செய்கிறவள். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். ஒரு படம் விடமாட்டாள்.

"இப்பத்தானே வாத்யாரே அறைஞ்சா? எதனால வந்துச்சு காதலு?"

அடுத்த வாரம் வேறு படம் கிடைக்காமல் இதையே போட்டார்கள். மாப்பிள்ளை கெட்டவன், அவனுக்கு வைப்பாட்டி இருப்பது தெரிந்துபோயிற்று என்று ஜெயகரன் மாற்றிச் சொன்னான். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றார்கள் ஜனங்கள். அதுவும் வாஸ்தவம். பாவம், அந்த ஆள் படம் முழுக்க யாருக்காவது நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாவது வாரம், பியானோக்காரன் ஏழை, அவனை அடித்துவிட்டோமே என்று அவள் மனம் இளகிவிட்டது என்றான். வள்ளியம்மாள் அதற்கும் ஒப்பவில்லை.

"பாவம்னு நெனச்சா ஒரு வேளை சோறு போடுவா. அதுக்காவ ஜன்னல் ஏறிக் குதிப்பாளா?"

அந்தக் கேள்வி ஜெயகரனோடு வீட்டுக்கு வந்தது. முத்திரை குத்தும்போதும் கூடவே இருந்தது. படத்தில் இருக்கிற பொம்மைப் பெண்ணுக்குக் காரணம் தேடித் தேடி அலுத்துப்போய், கடைசியில் அவன் தனக்குத் தெரிந்த ஒரே பெண்ணை நினைத்துப் பார்த்தான். கோவிலில் நானூறு பேர் நடுவே எழுந்து நின்ற ஒருத்தியை. அவள் ஏன் எழுந்து நின்றாள் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. பெரிய மனசு என்று நன்றியோடு வாங்கி வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். ஸ்டேஷன் பெஞ்சை நினைத்தான். மணலில் ஓடியதை நினைத்தான். அன்றைக்கு அவளுக்குக் கொடுக்க அவனிடம் என்ன இருந்தது என்று யோசித்தான்.

நாலாவது வெள்ளிக்கிழமை, நாலாவது ரீல் வர வேண்டிய இடத்தில் விளக்கு போட்டார்கள். ஜெயகரன் முக்காலியில் நின்று சொன்னான்.

"அந்த வீட்ல அவ இன்னா சொன்னாலும் எல்லாரும் சரின்னாங்க. அப்பா சரின்னார், மாப்பிள்ளை சரின்னான். அவ சொல்றத யாரும் காதுல வாங்கல, அதான் சரி சரின்னாங்க. இவன் ஒருத்தன்தான் இல்லன்னான். இல்லன்னு சொல்றதுக்காவது அவ பேசுறத முழுசா கேட்டான். அவளுக்கு அது போதும்."

யாரும் சிரிக்கவில்லை. வள்ளியம்மாள், "அது சரி, அதுக்கு வருவா" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்களும் ஆமோதித்தார்கள். விளக்கை அணைத்தார்கள். ஐந்தாவது ரீல் ஓட ஆரம்பித்தது. திரையில் அந்தப் பெண் ஜன்னல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தாள். கதை சொல்கிற குரல் வரவில்லை. வாத்யாரே, பேசு என்று சத்தம் போட்டார்கள். ஜெயகரனால் முடியவில்லை. ஆறு வருஷம் தான் சொன்ன அத்தனை சரியும் அவனுக்கு வரிசையாகக் கேட்டது. கைப்பிடி உப்பு இப்போதுதான் நாக்கில் கரித்தது.

மறு வாரம் லீவு சொல்லிவிட்டு நெமிலிக்குப் போனான். அங்கே ஒரு சின்ன மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டோரதி டீச்சராக இருப்பது அவனுக்குத் தெரியும். அரக்கோணம் வரைக்கும் பாசஞ்சர், அப்புறம் பஸ். பள்ளிக்கூட வராந்தாவில் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, உட்காரச் சொன்னாள். இளைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். அவன் படத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னான். அவள் திருத்துவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். லாடம் அடிக்கிற இடத்தில் உதடு கொஞ்சம் அசைந்தது. நாலாவது வெள்ளிக்கிழமைக்கு வந்தபோது சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"உப்பு போட்டது தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"மொதல் வாய்லயே."

"அப்புறம் எதுக்கு சாப்ட்டீங்க?"

"எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவ நீ. உப்பு ஜாஸ்தின்னு எந்த வாயால சொல்றது?"

"உங்களுக்காக நான் எதையும் விட்டுட்டு வரல. எனக்காக வந்தேன். அத நீங்க ஒரு நாளும் நம்பல. வந்த விருந்தாளி மாதிரி என்னை வெச்சிருந்தீங்க. ஆறு வருஷம் விருந்தாளியா எந்த வீட்ல இருக்க முடியும்?"

இப்போது எனக்குப் புரிந்துவிட்டது, ஆம்பூருக்கு வந்துவிடு என்றான். அவள் யோசித்தாள். யோசித்தது அவனுக்குத் தெரிந்தது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றான் ஜெயகரன்.

நினைப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. முப்பத்தாறு வருஷத்துப் பழக்கம். டோரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மணி அடித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனாள். பஸ் பாதி தூரம் போன பிறகுதான் அவள் எதற்காக முகத்தைப் பார்த்தாள் என்பது அவனுக்கு உறைத்தது. இறங்கி நின்றான். திரும்பிப் போக அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

ஆம்பூர் வந்ததும் எட்டுப் பக்கம் கடிதம் எழுதினான். நான் சொன்ன சரி சரியல்ல, நீ வந்தே ஆக வேண்டும், நீ சொன்ன காரணம் எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதினான். பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. தபாலில் சண்டை போட முடியாது என்று ஒரே வரி எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு நெமிலிக்குப் போகலானான். பள்ளிக்கூட வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். தேர்தலைப் பற்றி, கோவில் பாட்டுகளைப் பற்றி, ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எப்படி உச்சரிப்பது என்பதைப் பற்றி. யாரோ நிலத் தகராறு பேச வந்திருக்கிறார் என்று புது டீச்சர்கள் நினைத்துக்கொண்டார்கள். டோரதி அந்தச் சனிக்கிழமைகளுக்கென்று கருவாட்டுக் குழம்பு வைப்பாள். காரம் போதாது என்று அவன் சொல்வான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கரண்டியை அவன் கையில் கொடுப்பாள். முன்னே ஆறு வருஷத்தில் கிடைக்காத சந்தோஷம் மாதத்துக்கு நாலு மணி நேரம் கிடைத்தது.

ஆனால் சேர்ந்து வாழவில்லை. முதலில் அவள் வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். அப்புறம் ஒரு வருஷம், நான் ஏன் வரணும், நீங்க வாங்க, இங்க ஆம்பளப் பசங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியார் இடம் காலியாத்தான் இருக்கு என்றாள். ஜெயகரன் மாட்டேன் என்றான். வாழ்க்கையிலேயே அவனுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல அவ்வளவு பிடித்திருந்தது. பெண்சாதி இருக்கிற ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் நானில்லை என்றான். அவள் சிரித்தாள். அடுத்த மாதமும் கேட்டாள். அவனும் அதே பதிலை இன்னும் அழகாகச் சொன்னான். வருஷங்கள் போயின. ரஃபி அகமது கொட்டகையை இடித்துக் கட்டிடம் கட்டித் தமிழ்ப் படமே போட ஆரம்பித்தார், முக்காலிக்கு வேலை இல்லாமல் போயிற்று. இருவருக்கும் தலை நரைத்தது. தன்னை மடக்க முடியவில்லை என்பது டோரதிக்குப் பிடித்திருக்கிறது என்று ஜெயகரன் நம்பினான். ஆரம்பத்தில் பிடித்தும் இருந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை, அவள் சண்டைக்கு வராமல் கேட்டாள்.

"இந்தத் தடவை விளையாட்டுக்கு கேக்கல. உடம்பு சரியில்ல. சாயங்காலம் ஆனா இந்த ரூம்ல தனியா உக்கார முடியல. வந்துடுங்க."

ஜெயகரனுக்கு அது சண்டையின் புது உத்தியாகத் தெரிந்தது. உடம்பு சரியில்லை என்றால் நீ ஆம்பூருக்கு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் இனிமேல் கேட்கமாட்டேன் என்றாள். ஜெயித்துவிட்ட உற்சாகத்தோடு அவன் பஸ் ஏறினான்.

மஞ்சள் காமாலை. இரண்டு வாரத்தில் முற்றிப்போய், தம்பி வந்து வேலூருக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். தந்தி ஆம்பூருக்கு ஷாப்பு விலாசத்தில் வந்து சேர்ந்தபோது பெருநாள் விடுமுறை. கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போன ஜெயகரன்தான் எடுத்துப் படித்தான்.

வேலூர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஞானசிகாமணி வாங்கி வைத்திருந்த குடும்பக் கல்லறையில், அவருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். ஜெயகரனிடம் பாடம் கேட்ட அந்தத் தம்பி இப்போது வழுக்கை விழுந்த ஆபீசர். மரியாதையாக நாற்காலி போட்டான், காபி கொடுக்கச் சொன்னான். கடைசி இரண்டு நாள் அக்காவுக்கு நினைவு இல்லை என்றான். அதற்கு முன்னால் ஏதாவது சொன்னாளா என்று கேட்டான் ஜெயகரன். வராந்தாவில் யாரோ வந்திருக்கிறார்கள், போய்ப் பார் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

அந்த வருஷக் கடைசியில் ஜெயகரன் ஷாப்பு வேலையை விட்டுவிட்டு நெமிலிக்குக் குடிபோனான். ஏன் என்று வள்ளியம்மாள் கேட்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து, அவன் படுக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள் அவள்தான். போக வேண்டியது எப்பவோ என்று மட்டும் சொன்னான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு அறை எடுத்தான். பரீட்சையில் தவறிய பெண்களுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தான். டோரதி டீச்சர் வீட்டுக்காரர் என்று ஊர் அவனை அறிந்துகொண்டது. பதினைந்து வருஷம் டீச்சராக இருந்தவளைப் பற்றி எல்லாருக்கும் சொல்ல ஏதாவது இருந்தது. மளிகைக் கடையில், தபாலாபீஸில் நிறுத்தி வைத்துச் சொன்னார்கள். அவனுக்குத் தெரியாததெல்லாம் இருந்தது. அவளுக்கு நீந்தத் தெரியுமாம். ஏரி நிரம்பிய வருஷங்களில் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கற்றுக்கொடுத்தாளாம். ஜெயகரன் கேட்டுக்கொண்டு நிற்பான். கொஞ்ச நேரம் கழித்து, குடையை மடக்கிக்கொண்டு அறைக்குத் திரும்புவான்.

இருபது வருஷத்துக்கு மேல் சுவாசித்த சுண்ணாம்பும் பட்டைத் தூளும் மார்பில் தங்கியிருந்தன. அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் இருமல் பிடித்துக்கொண்டது, அதிலேயே ஜெயகரன் போய்விட்டான். பாடம் கேட்க வந்த பெண்களின் அப்பாக்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். மழையில் பாலாற்றில் வெள்ளம். வேலூருக்குக் கொண்டுபோய் டீச்சர் பக்கத்தில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டாராம். அந்தக் குடும்பத்துக் கல்லறையில் இவரை வைக்க யாரிடம் உத்தரவு கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். நெமிலியில் கோவில் தோட்டத்து வேலியோரம் புதைத்தார்கள்.